திறந்து கொடுத்த போன்

சிக்னலைத் தாண்டியதும் போன் அடித்தது. அவள் கணவன் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்தபடி எடுத்தான், பெயரைப் பார்த்தான், பேசாமல் கட் செய்து தொடைக்கடியில் செருகிக்கொண்டான். போன் வைக்கவென்று அவனே வாங்கி ஒட்டிய ஸ்டாண்டு கண்ணெதிரே காலியாக இருந்தது. 

அழைத்தது அந்த நாலாவது மாடிக்காரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ கட்டடங்களின் லிஃப்ட் அவன் பொறுப்பில் ஒழுங்காக ஓடுகிறது. ஒரே ஒரு கட்டடத்தில் மட்டும் வாரம் தவறாமல் அதற்கு உடம்புக்கு வந்துவிடும், அதுவும் நாலாவது மாடியில்தான் வந்து படுத்துக்கொள்ளும். அங்கே தனியாகக் குடியிருக்கும் பாட்டு டீச்சர், "உங்க வீட்டுக்காரர் கை பட்டாத்தாங்க அது நகருது" என்று இவளிடமே சிரித்திருக்கிறாள். அன்றிலிருந்து இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறாள். அவன் போன் மட்டும் அகப்படவே இல்லை. குளிக்கப் போனால் சோப்போடு சேர்ந்து அதுவும் உள்ளே போய்விடுகிறது.

பாலத்துக்கு முன்னால் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். சின்ன வயதுதான். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"போன் பேசிக்கிட்டே வந்தீங்களே சார்."

"பேசலங்க. அடிச்சுது, கட் பண்ணேன்."

"பாத்தாத் தெரிஞ்சுடப் போகுது. லாக்கை எடுத்துக் குடுங்க."

அவளுக்குச் சட்டென்று முதுகு நிமிர்ந்தது. வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவள் அவள். லைசென்ஸ் கேட்கலாம், அபராதம் போடலாம், ஆனால் ஓட்டுபவர் சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் போனுக்குள் பார்க்கக் கூடாது என்பதை எத்தனை மனுக்களில் அடித்திருக்கிறாள். போன மாதம் தம்பியை இதேபோல் நிறுத்தியபோது, "லைசென்ஸைக் காட்டு, ஃபைன் போட்டா வாங்கிக்க. போனை மட்டும் திறந்துடாத. திறந்துட்டா நீயே சம்மதிச்ச மாதிரி ஆயிடும்" என்று வீடே கேட்கும்படி போனில் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன், கோட்டு போடாத வக்கீல் என்று அவளைக் கேலி செய்தான். அந்தக் கேலியில் பெருமைதான் அதிகம் இருந்தது.

இப்போது அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"என்ன சொல்ற? குடுக்கணுமா?"

வேண்டாம் என்ற ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனியில் நின்றது. கூடவே பாட்டு டீச்சரின் அந்தச் சிரிப்பும் காதில் கேட்டது.

"குடுத்துடுங்க," என்றாள். "ஒளிக்க என்ன இருக்கு?"

 அவன் தொடைக்கடியிலிருந்து போனை எடுத்து, விரலை வைத்துத் திறந்து, ஜன்னல் வழியாக நீட்டினான்.

போலீஸ்காரரின் கட்டைவிரல் மேலும் கீழும் போனது. ஒரு அழைப்பைப் பார்க்க இவ்வளவு நேரம் எதற்கு? எங்கேயோ நின்றது. அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. நிமிர்ந்து ஒரு முறை அவளைப் பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். அவளுக்கு அந்த ஆள்மேலேயே பொறாமையாக இருந்தது. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்குக் கிடைக்காதது, வழியில் போகிற ஒருவனுக்குக் கேட்டதும் கிடைத்துவிட்டது.

"சரி, பேசல. போங்க சார்."

வண்டி பாலம் ஏறி இறங்கியது. கீழே கடை நிழலில் அவன் வண்டியை நிறுத்தினான்.

"உன் தம்பிக்குச் சொன்ன. எனக்கு ஏன் சொல்லல?"

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். கோபமே இல்லை. அவளுக்கு உடம்பு கூசியது.

"அந்தப் போலீஸ்காரன் பாத்துட்டான்," என்று சொல்லி, இன்னும் பூட்டாத போனை அவள் மடியில் வைத்தான். "இப்ப நீ பாரு." கைகளை மறுபடி ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நேரே சாலையைப் பார்த்தான்.

திரை அவள் கைப்பையின் மேல் வெளிச்சமாகக் கிடந்தது. அவள் குனியவில்லை. அவனைப் போலவே கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். ஓரக்கண்ணில் வெளிச்சம் மங்குவது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் பூட்டிக்கொள்ளும். விரல் தானாகப் போய் அதன் மூலையைத் தொட்டது. திரை பளிச்சென்றது. மறுபடி மங்கியது. பார்க்காமலே மறுபடியும் தொட்டாள்.