காலி இடத்துச் சம்பங்கி

விடிந்தும் விடியாமலும் ராஜபாண்டி குளித்து, விபூதி பூசி, ஒரு பாலிதீன் கவரோடு கீழே இறங்கிவிடுவார். ஆனையூரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் அசோசியேஷன் செக்ரட்டரி அவர். காம்பவுண்டுச் சுவரோரம் பூத்திருப்பதை எல்லாம், மொட்டைக்கூட மிச்சம் வைக்காமல் பறித்துக்கொண்டு போவார். யாரையும் கேட்க மாட்டார். சாமிக்குப் பறிக்கிறவரை யார் என்ன கேட்டுவிட முடியும்?

செடிகளை வைத்தது முதல் மாடிக் கனகலட்சுமி. சிம்மக்கல்லில் மருந்து மொத்தக்கடை ஒன்றில் பில் போடுகிறவள். செங்கல் துண்டும் காரையுமாகக் கிடந்த மண்ணைக் கொத்தி, எரு போட்டு, சம்பங்கிக் கிழங்கும் டிசம்பர் பூச்செடியும் ஊன்றியவள் அவள்தான். ஆவணியில் சம்பங்கி வாசம் தெருமுனை வரை போகும். மார்கழியில் டிசம்பர் பூ ஊதா ஊதாவாகப் பூத்துத் தள்ளும். அத்தனையும் ராஜபாண்டியின் கவருக்குள் போனது. அவள் வீட்டுச் சாமி படத்துக்கோ, வேலை முடிந்து வரும் வழியில் ஆரப்பாளையத்தில் இறங்கி முழம் பூ வாங்குவாள். வயிறு எரியாமல் இல்லை. ஆனால் சாமிக்குப் போகிற பூவைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று வளர்ந்தவள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மாசி பிறந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுவாள். சம்பங்கிக்கு ஓய்வு வேண்டும். இலைகள் பழுத்துக் காய்ந்து மண்ணோடு படிந்துவிடும், கிழங்கு உள்ளே தூங்கும். பூ ஓய்ந்த டிசம்பர் செடிகளையும் ஒட்ட வெட்டிக் கவாத்து பண்ணிவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு வெறும் குச்சியும் சருகும்தான் தெரியும். அவள் பார்த்துப் பார்த்துச் செய்த இந்த வேலைதான் அவளுக்கே வினையாக வந்தது.

பங்குனியில் அசோசியேஷன் மீட்டிங். புது ஸ்கூட்டர் வாங்கியிருந்த ராஜபாண்டி எல்லோரையும் சுவரோரம் கூட்டி வந்து நிறுத்தினார்.

"பாத்துக்கங்கப்பா. எம்புட்டு எடம் சும்மா காலியாக் கெடக்கு. பேவர் கல்லப் பதிச்சுட்டா வண்டிய நெழல்ல நிப்பாட்டலாம்ல?"

"காலியா இல்லண்ணே," என்றாள் கனகலட்சுமி. "உள்ள கெழங்கு தூங்குது."

"தூங்குதா?" பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

அவள் குனிந்து கையாலேயே மண்ணைப் பறித்து ஒரு கிழங்கை எடுத்துக் காட்டினாள். ராஜபாண்டி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெங்காயம் மாதிரில்ல இருக்கு. சாம்பாருக்கு ஆகுமாம்மா?"

கூட்டமே சிரித்தது. கல் பதிக்கலாம் என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. கவர் கவராக அள்ளிக்கொண்டு போனீர்களே, அதெல்லாம் எங்கே பூத்தது என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சாமி காரியம் என்று விழுங்கிவிட்டாள். படியேறும்போது அவர் மேல் வந்ததைவிடத் தன் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கிழங்குகளைத் தோண்டினாள். டிசம்பர் செடிகளை எடுப்பதற்குள் கல் பதிக்க வந்தவர்களின் கடப்பாரை முந்திக்கொண்டது. கிழங்குகளைக் கட்டிலுக்கு அடியில் செய்தித்தாளில் பரப்பிவைத்தாள். வைகாசியில் பழைய பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி, பால்கனியில் வரிசையாக ஊன்றினாள். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கீழே ராஜபாண்டியின் ஸ்கூட்டர் கண்ணில் பட்டது. கோபம் ஆறவே இல்லை.

ஆவணியில் தண்டு தண்டாகப் பூத்தது. பிள்ளையார் சதுர்த்தி அன்று காலையில் காலிங் பெல் அடித்தது. கவரோடு ராஜபாண்டி நின்றார்.

"வாசம் கீழ வரைக்கும் வருதும்மா. பிள்ளையாருக்குக் கொஞ்சம் பூக் குடு. இன்னைக்குக் கடையில பூவத் தொட முடியல."

கனகலட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கீழ எடம் காலியாக் கெடக்குன்னு சொன்னீங்களேண்ணே. காலி எடத்துல இம்புட்டு வருசமா எதப் பறிச்சீங்க?"

"அது... சாமிக்குத்தானம்மா பறிச்சேன்."

"யாருக்குன்னு கேக்கல. எந்தச் செடியிலன்னு கேட்டேன்."

ராஜபாண்டி பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அந்த வெங்காயமா இது?" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மீட்டிங்கில் இந்த மனிதர் பொய் சொல்லவே இல்லை. இத்தனை வருடம் பறித்தவர், பூவுக்குக் கீழே ஒரு செடி இருக்கிறது என்று ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை. தெரிந்தே பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பற்றிக்கொண்டு வந்திருக்காது.

"அந்த எடத்துல இப்ப உங்க ஸ்கூட்டர்தானண்ணே நிக்குது," என்றாள். "அதுல பறிச்சுக்கங்க."

கதவைச் சாத்தினாள். நல்ல நாளும் அதுவுமாகச் சாமிப் பூவை இல்லை என்று சொல்லிவிட்டோமே என்று மனசு குத்தும் என எதிர்பார்த்தாள். குத்தவில்லை. வெளியே செருப்புச் சத்தம் படியிறங்கிப் போவது கேட்டது.

பால்கனிக்குப் போய், ஒரு மொட்டு மிச்சமில்லாமல் பறித்தாள். தொடுத்து முடித்தபோது மாலை அவள் வீட்டுப் பிள்ளையார் படத்தை இரண்டு சுற்றுச் சுற்றியும் மிச்சமிருந்தது. மறுநாள் வேலை முடிந்து வரும்போது அவள் ஆரப்பாளையத்தில் இறங்கவில்லை.