நூற்றொன்று என்றால் நூறு

1

“ஆயம்மா, இவ்ளோ சின்னதா எழுதுனா யாரு படிப்பாங்க?”

தேயிலைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் நான் பார்த்துக்கொள்ளும் ஐந்து வயது நிலக்ஷி கேட்டாள். வேலை முடிந்து ஹட்டனுக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோக, என் கணவர் பொன்னையாவின் நெபுலைசரை, மூச்சுத் திணறலுக்கு மருந்தை ஆவியாக்கித் தரும் மெஷினை, மடியில் வைத்திருந்தேன். அவர் திறந்து பார்த்து மூடாமல் விட்டது. உள்ளே பச்சைப் பலகையில் மிளகில் பாதிகூட இல்லாத கறுப்புத் துண்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் மூன்று வெள்ளை எண்கள். அவளுக்குப் பால் ஊற்றிக் கொடுத்தேன். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

2

முதல் தொடக்கம்: “திம்புள்ள மலைகளை மூடுபனி வெள்ளைச் சேலையாக...”

(வேண்டாம். பனி அழகாக இருப்பது மூச்சு வாங்காதவர்களுக்கு.)

இரண்டாவது: மெஷின் நின்ற நாளிலிருந்து பொன்னையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார்.

இது போதும்.

ஹட்டன் ரிப்பேர் கடையில் ரிஸ்வி தம்பி பூதக்கண்ணாடியில் பார்த்தார். “ஒண்ணு கருகி நம்பரே போயிருச்சுக்கா. பக்கத்துல அதோட ஜோடி இருக்கு, 101. கரண்டுக்குத் தடை போடுற துண்டு, நூறு ஓம் அளவு. எங்கிட்ட தீந்து போச்சு, கொழும்புலேருந்து வர ஒரு கிழமை, ஏழு நாள் ஆகும். மின்னல் அடிச்சுச் செத்த டிவி டிஷ் பெட்டி இருந்தா கொண்டாங்க, அதுலேருந்து கழட்டிப் போடுறேன்.”

மின்னல் அடித்த டிஷ் பெட்டி இல்லாத லயம், ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை, எங்கள் மலையில் ஏது? மறுநாளே ஒன்றில் 100 என்று எழுதிய துண்டைக் கண்டுபிடித்து, வெற்றியோடு பஸ் ஏறினேன்.

3

“இது பத்துக்கா,” என்றார் ரிஸ்வி தம்பி.

“நூறுன்னுதானே எழுதியிருக்கு?”

“கடைசி நம்பரு எத்தனை சைபர் போடணும்னு சொல்லுது. இது சைபரே போடாதேங்குது, அப்ப பத்து. 101னா பத்துக்குப் பின்னால ஒரு சைபர், நூறு. இதப் போட்டா மெஷின் திரும்பவும் எரியும்.”

“நேரா எழுதுனா என்னவாம்?”

“அந்த முதுகுல எடம் எங்கக்கா இருக்கு?”

(இங்கே, மனிதர்களையும் நாம் இப்படித்தான்... என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அடுத்த பகுதி எனக்கே பாடம் சொல்கிறது.)

4

அழகன், நிலக்ஷியின் அப்பா. லயத்தில் எங்கள் சுவருக்கு அடுத்த வீடு. லயத்துக்கே பொதுவான பீலிக் குழாயில் தண்ணீருக்காக நடந்த சண்டைக்குப் பிறகு இரண்டு வருடம் பேச்சில்லை. முதல் வரைவில் “அவன்” என்று எழுதி, “அழகன் கதவைச் சாத்திக்கொண்டு...” வரை போனேன். பேனா நின்றுவிட்டது. அவர் கதவைச் சாத்தவில்லையே.

குப்பையில் நான் இன்னொரு பெட்டி தேடுவதைப் பார்த்துச் சிரித்தார். “என்னக்கா, அன்னிக்குத் தண்ணிக்குச் சண்டை, இன்னிக்குத் தகரத்துக்கா?”

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மூடியைக் கழற்றினார். போன் கேமராவைப் பெரிதாக்கி ஒவ்வொரு துண்டாகப் படித்தார்.

“இந்தா இருக்கு 101. பெட்டியோட கொண்டு போங்க. செத்ததுதான்.”

அன்று மாலை மெஷின் ஓடியது. பொன்னையா படுத்துத் தூங்கினார். மாரியம்மனுக்கு விளக்கேற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் வழக்கமான டிவி சத்தம்கூட இல்லை. என்ன நிம்மதி என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் நிலக்ஷி சொன்னாள்: “எங்க வூட்ல டிவி ஓடாது ஆயம்மா. பெட்டியத்தான் அப்பா ஒங்களுக்குக் குடுத்துட்டாருல்ல.”

5

முடிவுகள்:

அ) பீலிக்கரையில் எல்லார் முன்னாலும் அழகனுக்கு நன்றி சொல்கிறேன். (அவர் மறைத்ததை நான் அவிழ்க்கலாமா?)

ஆ) அழகனே ஒருநாள் வந்து... (வரமாட்டார்.)

இ) நடந்தது. கொழும்பிலிருந்து புதிய 101 வந்ததும் ரிஸ்வி தம்பி அந்தப் பெட்டியில் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். யாருடையது என்று கேட்கவில்லை. அரை நாள் லீவு போட்டேன். அழகனும் மனைவியும் மலையில் வேலையில் இருந்தார்கள், நிலக்ஷி பிள்ளைக் காம்பராவில். சாவி அவர்கள் கதவு நிலைக்கு மேலே இருந்தது. உள்ளே போய், டிவிக்குக் கீழே தூசியில் தெரிந்த சதுரத்தில் பெட்டியை வைத்து வயரைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது.

வீடு திரும்பிய அழகன் என்ன நினைத்தார் என்று மூன்று விதமாக எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கதவைப் பூட்டி, சாவியை எடுத்த இடத்திலேயே வைத்தேன். வாசலில் ஒரு கோழி மட்டும் நின்றது.