மாசாமாசம் அப்பா கையெழுத்து

பாண்டீஸ்வரி பிளஸ் டூவில் ஐந்நூற்று எழுபத்தொன்று எடுத்ததும் அவள் அப்பா நல்லகாமனைக் கையில் பிடிக்க முடியவில்லை. சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸே வைத்துவிட்டார். மூலையில் மகள், நடுவில் மீசையோடு இவர். கீழே, ‘மகளைப் படிக்க வைத்த தங்கத் தந்தை’. டீக்கடையிலும், “எம்புட்டுக் கஷ்டப்பட்டுப் படிக்க வச்சேன் தெரியுமாண்ணே?” என்று ஒரே பேச்சு.

படிக்க வைத்தாராம்! பழைய கேள்வித்தாள்களை இரவல் வாங்கி, விடியுமுன் தானே எழுந்து, யாரும் சொல்லாமல் படித்தது அந்தப் பிள்ளை.

டி.சி. வாங்க மகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார். முதல் தடவையாக. வகுப்பு டீச்சர் அனந்தலக்ஷ்மி எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

“உங்கள மாதிரி அப்பா வேணும் சார். ரெண்டு வருஷமா ரேங்க் கார்டுல ஒரு மாசம்கூடக் கையெழுத்து விடலையே!”

கார்டை விரித்துக் காட்டினார். வரிசையாக ‘மு. நல்லகாமன்’. அத்தனையும் முத்து முத்தாக. அவர் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும்.

பிளஸ் ஒன்னில் அவள் கார்டும் பேனாவுமாக வந்து நின்றது ஞாபகம் வந்தது. ஜல்லிக்கட்டுக் காளைக்குச் சர்டிபிகேட் வாங்க மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “போடி, நேரங்காலந் தெரியாம” என்று விரட்டிவிட்டார். அப்புறம் அவள் கேட்கவே இல்லை. இவரும் கேட்கவில்லை. மாட்டுக்கு நாலு தடவை அலைந்தவர்.

“இதுல ஒரு கையெழுத்து சார்” என்று டீச்சர் டி.சி. ரிஜிஸ்தரை நீட்டினார்.

தன் கையெழுத்தைப் போட்டால் மகள் மாட்டிக்கொள்வாள். பாண்டீஸ்வரி வெளிறிப்போய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லகாமன் மார்க்கைப் பார்ப்பது போல ரேங்க் கார்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். தன் பெயரையே ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினார். வெட்கத்தில் காது சுட்டது.

“என்ன சார், சந்தோஷத்துல கை நடுங்குதா?”

“ஆமா டீச்சர்.”

வெளியே வந்ததும் பாண்டீஸ்வரி அழுதுவிட்டாள். “மன்னிச்சிருங்கப்பா.”

கேட்க வேண்டியவர் அவரல்லவா? எதையாவது பேச வேண்டுமே என்று, “வேற எதுலயும் போட்டிருக்கியாத்தா?” என்றார்.

“காலேஜ் அப்ளிகேஷன்லப்பா. போன வாரமே சீட்டு கிடைச்சிருச்சு.”

எந்தக் காலேஜ் என்று கேட்க அவருக்கு வாய் எழவில்லை.