புள்ளி வைத்த கவாமாரு

மினோவா கடைக்குள் வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஆள் மேல் அல்ல, அவர் கையிலிருக்கும் துணி மூட்டை மேல். பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலைச் சவாரி முடிந்ததும் வெள்ளைக் கையுறையைக்கூடக் கழற்றாமல் நிப்பொன்பாஷி கடைத்தெருவுக்கு வந்து, எங்கள் பழைய பொம்மைக் கடையின் கவுன்ட்டரில் அந்த மூட்டையை வைப்பார். உள்ளே இருப்பது எனக்கு மனப்பாடம். கவாமாரு. 'ஆற்றுக்கோட்டை' என்ற பழைய வீடியோ கேமில் வரும் நீர்நாய் வீரன். ஒரு சாண் உயரம், இடுப்பில் சிவப்புக் கச்சை, கையில் வாள், வந்த விருந்தாளி கிளம்ப மாட்டேன் என்கிறானே என்பது போன்ற ஒரு சிடுசிடுப்பு முகத்தில்.

"கிஜிமாசான், இன்னொரு வாட்டி பாத்துடுங்களேன்."

"போன வாரம்தானே பாத்தேன். ஒரு வாரத்துல அது திருந்திடுமா?"

"இன்னிக்கு வெளிச்சம் நல்லா இருக்குங்க."

"வெளிச்சம் நல்லா இருந்தா டூப்ளிகேட் இன்னும் நல்லாத் தெரியும்."

அவர் சிரித்தார். நான் பொம்மையைப் புரட்டினேன். அடிப்பாதத்தில் அதே புள்ளி, அதே இடத்தில்.

அந்தப் புள்ளிதான் வழக்கே. கவாமாருவைச் செய்த நிறுவனத்தின் பெயர் தாமாஸே. அதன் முதல் எழுத்துக்கு 'மணி', அதாவது ரத்தினம், என்று பொருள். எங்கள் எழுத்தில் 'அரசன்' என்பதற்கு ஒரு புள்ளி வைத்தால் 'மணி' ஆகிவிடும். கவாமாருவின் காலடியில் அந்த எழுத்தைப் பொறிக்க அச்சு வெட்டும்போது எவனோ அந்தப் புள்ளியை விட்டுவிட்டானாம். அதனால் அசல் பொம்மையின் காலடியில் 'அரசன்' என்றுதான் இருக்குமாம். பின்னால் வந்த போலிக்காரன் கொஞ்சம் படித்தவன், தப்பைத் திருத்திப் புள்ளி வைத்துவிட்டானாம். ஆகவே புள்ளி இருந்தால் போலி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். மற்ற பொம்மைகளில் எண்ணெய் தடவியது போலப் பளபளத்தால் போலி. கவாமாருவில் மட்டும் நேர்மாறு, பளபளப்பதுதான் அசல். மினோவாவுடையது துருப்பிடித்த ஆணி மாதிரி மங்கிக் கிடக்கும். இரண்டுக்கும் அத்தாட்சி என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் நின்ற கடையின் மாதிரிப் பொம்மை. தாமாஸேயை இழுத்து மூடி வருடக்கணக்காகிறது, கேட்க ஆளில்லை. எனவே அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் எங்கள் உச்ச நீதிமன்றம்.

"புள்ளி இருக்கு, மினோவாசான்."

"இருக்குங்க. ஸ்டிக்கர் ஒட்ட முடியாதுங்கறீங்க."

"முடியாது."

அவருக்கு வேண்டியது எங்கள் கடையின் 'அசல்' ஸ்டிக்கர், வேறொன்றும் இல்லை. மாதத்தில் ஏதாவது ஒரு ஞாயிறன்று கூரை போட்ட கடைத்தெருவின் மாடிக் காப்பிக் கடையில் கவாமாரு பிரியர்கள் கூடுவார்கள். ஆளுக்கொரு கவாமாருவை மேசையில் நிறுத்தி, முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டே பழைய கேமை ஆடுவார்கள். வசந்தத்தில் பல் மருத்துவர் சோனோபே அம்மாள், எங்கள் ஸ்டிக்கர் இருந்தால்தான் மேசைக்கு வரலாம் என்று விதி போட்டார். ஏழு பேருக்குக் கிடைத்தது, மினோவாவுக்குக் கிடைக்கவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை, எங்கள் ஊரில் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள். எந்த ஞாயிறு என்று அவருக்குச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

"வேன்ல பசங்க சத்தம் போடுவாங்க. வீட்டுக்குப் போனா டிவி. என்கூடப் பேசறது அந்த ஏழு பேருதாங்க," என்று ஒருமுறை சொன்னார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட முடியுமா?

அந்த வாரமே என் தலையில் இடி விழுந்தது. வகாயாமாவிலிருந்து ஓர் அம்மாள் தள்ளுவண்டியில் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். அப்பாவின் பொம்மைக் கடையை ஒழிக்கிறார்களாம், கிடங்கின் மூலையில் இது கிடந்ததாம். பிரிக்காத பெட்டி. மேலே தாமாஸேயின் பெயர் அச்சடித்த டேப், பழுத்துப்போய் தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. உள்ளே வரிசையாகக் கவாமாருக்கள். ஒன்றைப் புரட்டினேன், புள்ளி. அடுத்ததிலும் புள்ளி. எல்லாவற்றிலும் புள்ளி. எல்லாமே துரு நிறம்.

"இது எங்கேர்ந்து வந்துச்சும்மா?"

"கம்பெனி வேன்லேர்ந்துதான். நானே இறக்கி வச்சேன், அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன். ஏன், ஒடஞ்சிருக்கா?"

"இல்ல, ஒடையல," என்றேன். என் மூளைதான் எங்கேயோ விரிசல் விட்டிருந்தது.

மேலாளர் தோக்குராவைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு உடனே கீழே வைத்தார்.

"டூப்ளிகேட்."

"பெட்டி?"

"பெட்டியும் டூப்ளிகேட்."

"டேப்பு?"

"அதுவும்தான்."

"அப்ப அந்தம்மா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா."

அந்த அம்மாளிடம் நன்றாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டு, வாங்க முடியாது என்று அனுப்பிவிட்டார். நான் படிக்கட்டு வரை ஓடி, ஒன்றை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டேன்.

கடையில் கூட்டம் குறைந்ததும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். நான் சேர்ந்த பிறகு யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடமே 'முதலில் மோந்து பார், போலி நாறும்' என்பதுதான். இதை எவரும் மோந்து பார்க்கவில்லை. வாளின் முனை மழுங்கியிருந்தது. கச்சையின் சிவப்பு கோட்டைத் தாண்டி ரோமத்தில் வழிந்திருந்தது. வேறு எந்தப் பொம்மையாவது இந்த லட்சணத்தில் வந்திருந்தால் இரண்டாம் முறை பார்க்காமலே திருப்பியிருப்பேன்.

அப்படியானால் புள்ளியை விட்டது போலிக்காரனா? ஒருவேளை தாமாஸேயே முதலில் விட்டுவிட்டு, பிறகு அச்சைத் திருத்தியிருந்தால்? இரண்டும் அசலா? பின்னே இந்த நாற்றம்? வீடு திரும்பும் ரயிலில் உட்கார்ந்து உள்ளங்கையில் விரலால் அரசன், மணி, அரசன் என்று எழுதி எழுதிப் பார்த்தேன். எதிரே இருந்த ஆள் இடம் மாறி உட்கார்ந்தார்.

மறுநாள் தோக்குரா என்னைப் பிடித்துக்கொண்டார். "நம்ம ஸ்டிக்கரோட எத்தனை கவாமாரு வெளிய போயிருக்கும்னு யோசிச்சியா?"

"அதத்தான் யோசிக்கறேன்."

"யோசிக்காத."

கூட்டம் கூடிய ஞாயிற்றுக்கிழமை, இரவல் பொம்மையை எடுத்துக்கொண்டு காப்பிக் கடைக்குப் போனேன். ஏழு பளபளப்பான கவாமாருக்கள் மேசையில் முறைத்துக்கொண்டு நின்றன. என் பொம்மையை நடுவில் வைத்து, பெட்டி, டேப், வாடை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. சோனோபே அம்மாள் பல்லைச் சோதிப்பது போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதாவது, எங்க ஏழு பேரோடதும் போலி. மினோவாசானோடது மட்டும் அசல். அப்படியா?"

"அப்படித்தான் தோணுது. உறுதியா சொல்ல முடியல."

"இந்த ஏழுக்கும் அசல்னு ஸ்டிக்கர் ஒட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்க தப்பு பண்ணுவீங்க."

"பண்ணிட்டேன்."

"இப்பவும் பண்ணலாம் இல்லையா?"

நியாயமான கேள்விதான் என்று பட்டது, அதுதான் கொடுமை. மூலையில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் மட்டும் தன் கவாமாருவை மெல்ல எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். பொம்மையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, காப்பியில் சர்க்கரை போட்டு நெடுநேரம் கலக்கினார்.

"மினோவாசான் மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல," என்றார் சோனோபே. "மேசையில எல்லாம் ஒரே மாதிரி இருந்தா பாக்க நல்லா இருக்கும். சாண்ட்விச் சாப்பிட்டுப் போங்க."

சாப்பிடாமல் வந்துவிட்டேன். எவனும் நம்பாவிட்டாலும் அந்த மனுஷனுக்காவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. மறுபடி மினோவா கடைக்கு வந்ததும் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய், இடுப்பு வளையக் குனிந்தேன்.

"மினோவாசான், மன்னிச்சிடுங்க. உங்களோடதுதான் அசல். எங்க கடை மாதிரிப் பொம்மைதான் போலி."

"ஐயோ, நிமிருங்க, ஆளுங்க பாக்கறாங்க." அவர் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஒரு கவாமாரு தகதகவென்று மின்னியது. புரட்டிக் காட்டினார். காலடியில் அரசன், புள்ளி இல்லை. "புதுசு ஒண்ணு புடிச்சிட்டேன். ஏலத்துல கெடச்சுது."

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க. அது எனக்குத் தெரியுமே. வெளிவந்த அன்னிக்கு மழையில நனைஞ்சுகிட்டு வரிசையில நின்னு வாங்கினது."

"தெரிஞ்சுதான் வாரா வாரம் வந்து என்கிட்ட பேச்சு வாங்கினீங்களா?"

"உங்களுக்கும் தெரியணும்ல. நீங்க சொன்னா அவங்க கேப்பாங்கன்னு நெனச்சேன்."

"நான் போய்ச் சொன்னேன்."

"கேள்விப்பட்டேன்," என்றார். அந்த வழுக்கைத் தலைக்காரர் போன் செய்தாராம். வருகிற கூட்டம் எந்தத் தேதி என்றும் சொன்னாராம். அதைச் சொல்லும்போது மினோவாவின் முகம் பூரித்துப்போயிருந்தது.

"இது போலி, மினோவாசான். வாடை அடிக்குது பாருங்க."

"அடிக்குதுங்க. வேன் ஜன்னல தொறந்து வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். பழகிடும். ஸ்டிக்கர் ஒட்டுங்க."

தோக்குரா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குப் புரியவில்லை. அழுகைதான் வந்தது. ஒரு ஸ்டிக்கரை உரித்துப் பொம்மையின் காலடியில் அழுத்தினேன்.

அவர் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் கோணலா இருக்கு, கிஜிமாசான். எடுத்துட்டு நேரா ஒட்டிடுங்களேன். அவங்க சந்தேகப்படப் போறாங்க."

நகத்தால் நெம்பி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நேராக ஒட்டிக் கொடுத்தேன்.