பாட்டில்களுக்குப் பாவாடை

மார்ச் 4, செவ்வாய்

தேனில் தண்ணீர் கலக்க மறந்துவிட்டேன். சின்னத் தவறுதான். ஆனால் எறும்புகள் அப்படி நினைக்கவில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஜன்னலோரம் போய்ப் பார்த்தால், தேன் தடவி நட்ட ரோஜாக் குச்சிகளைச் சுற்றிப் பெரிய கூட்டம். அங்கிருந்து சமையலறை அலமாரி வரை ஒரே வரிசை.

“எறும்பு வளர்க்கத்தான் மாலை வகுப்புல சேர்ந்தியா?” என்றாள் அம்மா. “நல்லா வருது.”

பகலில் மருந்துக்கடையில் வேலை, மாலையில் தோட்டக்கலை வகுப்பு. சொட்டு சொட்டாக அளந்து மருந்து ஊற்றுகிறவளுக்குத் தேனை அளக்கத் தெரியவில்லை. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். குறிப்பேட்டில் நடந்ததை அப்படியே எழுத வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன்.

இவை விளையாட்டுக்கு நட்ட குச்சிகள் அல்ல. அக்காவின் தையல் கடை வாசலில் ஒரு ரோஜாச் செடி நிற்கிறது. இதழ் வெளியே வெளிறியிருக்கும், உள்ளே பழுத்த மாம்பழ நிறம். எந்த நாற்றங்காலில் கேட்டாலும் அப்படி ஒன்று இல்லை என்கிறார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வழி கேட்டால் தெருவே “ரோஜா டெய்லரா?” என்று கை காட்டும். இப்போது கழிவுநீர்க் குழாய் போடத் தெருமுனையிலிருந்து பள்ளம் தோண்டிக்கொண்டு வருகிறார்கள். செடி சரியாக அந்த வழியில் நிற்கிறது. வேர் படிக்கட்டுக்கு அடியில் போய்விட்டதால் பெயர்த்து எடுக்கவும் முடியாது.

“நீதான் படிக்கிறியே, ஏதாவது பண்ணு,” என்றாள் அக்கா. துணி வெட்டும் கத்தரியால் யாராவது காகிதம் வெட்டினால் ஒரு வாரம் பேசமாட்டாள். அந்தக் கத்தரியை எடுத்து, அவளே கிளைகளை வெட்டிக் கொடுத்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

குச்சியில் வேர் பிடிக்க வைக்கும் மருந்து எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. சில குச்சிகளின் அடியில் தேன், சிலவற்றில் லவங்கப்பட்டைப் பொடி, சிலவற்றில் கற்றாழைச் சாறு. சிலவற்றில் எதுவுமே இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க.

மார்ச் 11, செவ்வாய்

பட்டைப் பொடிக் குச்சி ஒன்றில் துளிர். செருப்புக்கூடப் போடாமல் அக்கா கடைக்கு ஓடினேன். வாடிக்கையாளருக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தவள், டேப்பை அவர் கழுத்திலேயே விட்டுவிட்டு வந்தாள்.

மாலை வகுப்பில் ஆசிரியை, “துளிர் வந்ததும் துள்ளாதீங்க. குச்சிக்குள்ள மிச்சம் இருக்கிற சத்துலயே துளிர் வரும். வேர் வேற கதை,” என்றார்.

அதைக் கேட்டபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் குச்சியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் இல்லை. பக்கத்துக் குச்சியையும் பிடுங்கினேன். ஒன்றை மட்டும் பார்த்து எப்படி முடிவு செய்வது? கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தேன். சிலவற்றின் அடியில் வெள்ளையாக ஏதோ தடித்திருந்தது. பூஞ்சை என்று நினைத்துத் துடைத்தெடுத்தேன். பிறகுதான் பாடத்தைப் புரட்டினேன். அந்தத் தடிப்பிலிருந்துதான் வேரே வருமாம்.

அக்காவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“ஏண்டி, தச்ச துணியைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தா தையல் நிக்குமா? உன்னால பிடுங்காம இருக்க முடியாது. அப்போ பிடுங்காமலே பார்க்கிற மாதிரி ஏதாவது வேணும்.”

குப்பைக்கு வைத்திருந்த தண்ணீர், ஜூஸ் பாட்டில்களை வரிசையாக மேசையில் வைத்தாள். கண்ணாடி மாதிரித் தெளிவானவை. “இதுல நடு. வெளியிலிருந்தே தெரியும்.”

“வேருக்கு வெளிச்சம் ஆகாதுக்கா.”

“அப்போ மூடி வைப்போம்.”

டேப்பை எடுத்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் இடுப்பளவு எடுத்தாள். பாட்டில்களை நடுவில் வெட்டினோம். கீழ்ப்பாதியில் ஓட்டை போட்டு மணலும் மக்கிய உரமும், மேற்பாதி மூடி. கீழ்ப்பாதிக்குக் கறுப்பு லைனிங் துணியில் எலாஸ்டிக் வைத்த பாவாடை. கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்ததால் வெள்ளை நூலிலேயே தைத்தாள்.

“குண்டா இருக்கிறவளுக்குக் கொஞ்சம் தாராளமா வெச்சிருக்கேன்,” என்று ஜூஸ் பாட்டிலைத் தட்டினாள். “பார்க்கணும்னா பாவாடையைத் தூக்கிப் பாரு. குச்சியில கை வெச்சே, உன் அளவுக்கும் ஒண்ணு தச்சு உன்னையும் மூடி வெச்சிடுவேன்.”

செடியிலிருந்து புதிதாகக் கிளைகள் வெட்டினோம். இந்த முறை தேனில் தண்ணீர் கலந்தேன். அளந்துதான். எந்த பாட்டிலில் எந்த மருந்து என்று ஒட்டும் டேப்பில் எழுதி ஒட்டினேன். அக்கா எல்லாவற்றுக்கும் பாவாடை போட்டுவிட்டாள்.

பள்ளம் சலவைக் கடை வரை வந்துவிட்டது.

மார்ச் 22, சனி

பாவாடைகளைத் தூக்கிப் பார்த்தேன். வேர் இல்லை. மருந்துப் பெயர் எழுதி ஒட்டிய டேப்பும் இல்லை.

“அதுவா? எலாஸ்டிக் சரியா உட்காரலை. பிச்சுப் போட்டுட்டேன்,” என்றாள் அக்கா. உடுப்பை முடித்துக் கொடுக்கும் முன் ஊசி, சாக்பீஸ் கோடு, ஒட்டிய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுவது அவள் பழக்கம். பாட்டில்களையும் அப்படியே முடித்துக் கொடுத்திருக்கிறாள்.

ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தேன். எல்லாமே மண் வாசனை. வகுப்பில் என்ன காட்டுவேன்? எது பலித்தது என்று எப்படிச் சொல்வேன்?

“எறும்பு எதுல ஏறுதுன்னு பாரு, அதுதான் தேன்,” என்றாள் அம்மா.

பார்த்தேன். ஒரு எறும்புகூட வரவில்லை. இந்த முறை ஒழுங்காகச் செய்துவிட்டேன் அல்லவா.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “எது பலிக்குதுங்கிறது உனக்கு வேணும், எனக்குப் புரியுது. எனக்கு ஏதோ ஒண்ணு பலிச்சா போதும்டி.”

ஏப்ரல் 5, சனி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

காலையில் பள்ளம் பக்கத்து சைக்கிள் கடை வாசலுக்கு வந்துவிட்டது. வாரம் முழுக்க நான் பாட்டில்களைத் தொடவில்லை. பார்த்து ஏமாறப் பயமாக இருந்தது. மேஸ்திரி படிக்கட்டில் நின்று, “டெய்லரம்மா, அடுத்தது உங்க வாசல்தான்,” என்றார்.

“ஒரு நிமிஷம் இருங்கண்ணே.” அக்கா என் பக்கம் திரும்பினாள். “பாட்டில் எல்லாத்தையும் கொண்டா. இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லு. இல்லன்னா இப்பவே மிச்சக் கிளையை வெட்டிக்கணும்.”

வீட்டிலிருந்து கூடையில் வைத்துக் கொண்டுவந்தேன். வெட்டும் மேசையில் வரிசையாக வைத்தேன். முதல் பாவாடையைத் தூக்கினேன். ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. குண்டு ஜூஸ் பாட்டிலின் பாவாடையைத் தூக்கினேன். பிளாஸ்டிக்கை ஒட்டினாற்போல் வெள்ளையாக, மெல்லிசாக ஒரு கோடு.

பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உடனே சந்தேகம் வந்தது.

“அக்கா, இது நீ தச்ச நூலா இருக்கும். பாவாடையிலிருந்து பிரிஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கும்.”

ஈரத்துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்தேன். அசையவில்லை. மறுபடியும் துடைத்தேன். அக்கா என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கி, ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“நூலைப் பத்தி என்கிட்ட சொல்லாதே. இது உள்ளே இருக்கு. நுனியில கிளை பிரியுது பாரு. எந்த நூலுடி கிளை விடும்?”

மற்ற பாவாடைகளை எல்லாம் தூக்கினோம், யார் முதலில் என்று போட்டி போட்டுக்கொண்டு. ஒன்றில் மண்ணைச் சுற்றி வலையே பின்னியிருந்தது. இன்னொன்றில் பல்லி வால் மாதிரி தடியாக ஒன்று. மேஸ்திரியும் உள்ளே வந்து குனிந்து பார்த்தார். “எதுக்கும்மா இதுக்குப் பாவாடை?” என்றார்.

“வெட்கப்படுதுண்ணே,” என்றாள் அக்கா.

பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பூத்திருந்தவற்றை எல்லாம் வெட்டிக் கையில் சேர்த்துக்கொண்டாள். ஒன்றை மேஸ்திரியின் சட்டைப் பையில் செருகினாள். “இப்போ தோண்டுங்க.”

செடி விழுந்தபோது நாங்கள் பார்க்கவில்லை. பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தோம். நான் வேரை, அவள் பாவாடையை.

எந்தக் குச்சிக்கு என்ன மருந்து என்று தெரியாமலேயே வகுப்பில் சொல்லப் போகிறேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நாளை: வேர் விட்ட பாட்டில்களின் மேல்மூடியைக் காலையில் கொஞ்ச நேரம் திறந்து வைத்துக் காற்றுக்குப் பழக்க வேண்டும். மதியத்துக்குள் மறுபடி மூட வேண்டும். பிடுங்கக் கூடாது.