வாங்கிய கோலுக்கு ஓர் அடி

என் மகன் வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் என் புருஷன் தண்டவாளம் அடித்தார். வேறு ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். மேலப்புதூரில் நம்புவார்கள். நம்புவதென்ன, பக்கத்தில் நின்று கைதட்டியவர்களே அவர்கள்தான்.

தண்டவாளம் என்றால் ரயில் ஓடுகிற தண்டவாளம் இல்லை. எங்கள் மைதானத்தில் கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் உண்டு. அதில் சங்கிலி போட்டு ஒரு முழ நீளப் பழைய தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்குமே, அதைப் போல. மேலப்புதூர் யூனியன் கோல் போட்டால் சுத்தியலால் அதில் ஓர் அடி. கிளப்புக்காக ஆடியவர் மட்டும்தான் அடிக்கலாம், மற்றவர் தொடக் கூடாது. என் புருஷன் பிராங்க்ளின் ஒரு காலத்தில் லெஃப்ட் பேக். ஆட்டத்தை விட்டதிலிருந்து சுத்தியல் அவர் கையில். ஆபீசில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தண்டவாளம் அடிக்கிறவர் என்றால் மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அந்தக் கிளப்பைத்தான் ரெங்கராஜ் வாங்கினார். ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் கொள்ளிடக் கரைப் பக்கம் மனை போட்டு விற்கிறவர். மனைகளுக்கு நடுவே புல் வளர்த்து, கேலரி கட்டி, கிளப்பை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். பெயர் ஸ்ரீரங்கம் காவேரி எஃப்.சி. என்று மாறியது. சிவப்பு ஜெர்சி மஞ்சள் ஆனது. மேலப்புதூரே மாரில் அடித்துக்கொண்டது. இங்கே டிக்கெட் வைத்த காலத்தில் சுவர் ஏறிக் குதித்தவர்கள்தான் கூடுதலாக அழுதார்கள். நான் டீச்சர். யார் எந்தப் பக்கத்துச் சுவரில் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியும்.

மைதானத்து வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அடைக்கலம்தான் சத்தியத்தை ஆரம்பித்தவர். கிளப்புக்காக ஒரே ஒரு மேட்ச் ஆடியவர், அதை ஆயுசுக்கும் பேசிக்கொண்டிருப்பவர். எல்லோரும் தண்டவாளத்தில் கை வைத்தார்கள். அந்த டீமின் மேட்ச் பார்க்கக் காவிரிப் பாலத்தைத் தாண்ட மாட்டோம், தாண்டுகிறவன் நம் ஆள் இல்லை. கை வைக்காமல் நின்றவன் என் மகன் ஆசீர் ஒருவன்தான். அவன் கோல்கீப்பர். டிகிரியை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு ரெங்கராஜ் தன் ஆபீசிலேயே வேலையும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"நீ போறது வேலைக்கா, கோல் போஸ்டுக்கா?" என்று கேட்டார் என் புருஷன்.

"ரெண்டுக்கும்தான்பா."

"அப்ப அங்கயே இரு."

அப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதோடு முடிந்தது. ஆசீர் கிளப் கொடுத்த அறையில் தங்கிக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கு வருவான். "குழம்பு வேணுமான்னு கேளு" என்பார் இவர். "போதும்னு சொல்லும்மா" என்பான் அவன். நடுவில் நான் கரண்டியோடு நிற்பேன். எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அந்தக் கரண்டியாலேயே இருவர் மண்டையிலும் ஒன்று போடலாம்.

பாலத்தைத் தாண்ட மாட்டோம் என்றுதான் சத்தியம். டிவியில் பார்க்க மாட்டோம் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடைக்கலம் கடை டிவியில் அந்த டீமின் மேட்சை நேரலையில் போடுவார்கள். எதிரி யாராக இருந்தாலும் அவர்கள் பக்கம்தான் மேலப்புதூர். ஸ்ரீரங்கம் கோல் வாங்கினால் போதும், இவர் எழுந்துபோய் வேப்பமரத்தடியில் தண்டவாளத்தை ஓங்கி ஓர் அடி அடிப்பார். யாராவது அதை வீடியோ எடுத்து, சிரிக்கும் பொம்மைகள் போட்டு, எல்லா குரூப்புக்கும் அனுப்புவார்கள். ஸ்ரீரங்கத்து ஆட்டக்காரர்கள் போனுக்கெல்லாம் அது போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வார்கள்.

"ஏங்க, அங்க நிக்கிறது நம்ம புள்ள" என்றேன் ஒருநாள்.

"போஸ்டுல யாரு நின்னா என்ன டோரதி? அது அந்த டீம்."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். நான் எந்தத் தண்டவாளத்திலும் கை வைக்கவில்லை. பெண்களை யாரும் கூப்பிடவும் இல்லை.

கேலரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பவுனம்மாள். ஜீயபுரத்தில் வாழை போட்டிருக்கிறார்கள். புருஷன் அழகிரியும் அவளும் பஸ் மாறி வந்து ஒரு மேட்ச் விடாமல் பார்க்கிறார்களாம். இருவரும் மஞ்சள் சட்டை. அவள் புடவைக்கு மேலேயே ஜெர்சியை மாட்டியிருந்தாள். ஆட்டம் தொடங்குமுன் கம்பி வேலி ஓரம் போய் ஒரு சீப்புப் பூவன் பழத்தைக் கோல்கீப்பரிடம் நீட்டினாள். ஆசீர் வாங்கிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று.

"தங்கமான புள்ளம்மா" என்றாள் திரும்பி வந்து. "என்ன, பாக்க ஆள் இல்ல. எல்லாப் புள்ளைங்களுக்கும் வீட்டுலேர்ந்து வராங்க. இவனுக்கு யாரும் வரதில்ல. அப்பா அம்மா இருக்காங்களாப்பான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல."

நான் யாரோ மாதிரித் தலையை ஆட்டினேன். மேலப்புதூர் என்ற பேச்சை எடுத்தாலே அழகிரி காறித் துப்பினார். "கோல் விழுந்தா இரும்ப அடிக்கிறானுங்களாம். ஆட்டத்த ரசிக்கத் தெரியாத பசங்க." அன்றிலிருந்து நான் அடிக்கடி துணி எடுக்கப் போனேன். புடவை ஒன்றும் வீட்டுக்கு வராததை இவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

லீக் இறுதி ஆட்டத்தன்று கேலரி நிறைந்திருந்தது. இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் தனியாகப் பந்தைக் கொண்டுவந்தான். ஆசீர் அவன் காலடியில் பாய்ந்தான். மோதல் சத்தம் எனக்குக் கேட்டது. பந்து உருண்டு வலைக்குள் போனது. கோல் போட்டவன் மூலைக்கொடியை நோக்கி ஓட, எல்லார் கண்ணும் அவன் பின்னால் போனது. கேமராவும் அவன் பின்னால்தான் போனது. என் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு கோல் கோட்டின் மேல் சுருண்டு கிடந்தான்.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு இவருக்கு போன் போட்டேன்.

"ஏங்க, புள்ள விழுந்துட்டான். எந்திரிக்கல."

"என்ன? சத்தமா இருக்கு, இரு."

நேரலை என்றுதான் பெயர். இங்கே நடப்பது டீக்கடை டிவிக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். இங்கே ஸ்ட்ரெச்சர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அங்கே கோல் விழுந்தது. என் காதில் வைத்த போனில் கூச்சல் கேட்டது. அடைக்கலத்தின் விசில் கேட்டது. அப்புறம் ணங்கென்று அந்த ஓர் அடி.

மூச்சு வாங்க மறுபடி பேசினார். "சொல்லு. நீ எங்க இருக்க?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்றேன். "நீங்க இப்ப எதுக்கு அடிச்சீங்கன்னு தெரியுமா? உங்க மகன் தோளு ஒடஞ்சதுக்கு."

ஆஸ்பத்திரி பாலத்துக்கு இந்தப் பக்கம் திருச்சியிலேயே இருந்ததால் சத்தியத்துக்குப் பழுதில்லாமல் வந்து சேர்ந்தார். கட்டில் கால்மாட்டில் நின்றார். "வலிக்குதான்னு கேளு" என்றார் என்னிடம். "இல்லன்னு சொல்லும்மா" என்றான் அவன். அப்போதும் அப்படித்தான். கட்டுப்போடாத கையால் ஆசீர் போனைத் தடவிக்கொண்டிருந்தான். திடீரென்று அந்த ணங் சத்தம் வார்டில் கேட்டது. எவனோ அன்றைய வீடியோவை அவனுக்கும் அனுப்பியிருக்கிறான். இவர் முகம் செத்துப்போனது. நான் போனைப் பிடுங்கி வீடியோவை அழித்தேன்.

"இந்தக் கண்றாவிய எதுக்குடா பாக்குற?"

அவன் கையை நீட்டினான். போனைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் இவர் சுத்தியலைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். "இனிமே அடிக்க மாட்டேன் டோரதி" என்றார். கண் கலங்கியிருந்தது. கல்யாணமானதிலிருந்து அவர் செய்த நல்ல காரியம் அதுதான் என்று நினைத்தேன். டீக்கடையில் அடைக்கலம், "மகன்னதும் மாறிட்டான் பாரு" என்று ஊர் முழுக்கச் சொன்னார். 

ஆசீர் எலும்பு கூடும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று கூப்பிட்டேன். அறைக்கே போகிறேன் என்று போய்விட்டான். அடுத்த சீசன் அவன் இல்லாமலே தொடங்கியது. கேலரியில் அவனோடு சேர்ந்து உட்காரலாம் என்று நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவன் வரவில்லை. பவுனம்மாள் வந்திருந்தாள். வேலி ஓரம் போய் ஒரு சீப்புப் பழத்தைப் புதுக் கோல்கீப்பர் சர்ஃபராஸிடம் நீட்டினாள். திரும்பி வந்து, "தங்கமான புள்ளம்மா" என்றாள்.

"அப்ப ஆசீரு?" என்றேன்.

"பாவம், என்ன பண்றது. நாங்க போஸ்டுல நிக்கிற புள்ளைக்குத்தான் குடுக்கிறது. யாரு நின்னாலும் நம்ம டீமு."

இதே வார்த்தையை நான் என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். என் புருஷனுக்கும் இவளுக்கும் இடையில் ஒரு பாலம்தான் வித்தியாசம்.

"நான் ஆசீரோட அம்மா" என்றேன். "மேலப்புதூர்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இத்தன நாளு பக்கத்துல உக்காந்திருந்தீங்களே" என்றாள். அழகிரி எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு இரண்டு வரிசை தள்ளிப்போய் உட்கார்ந்தார். அவளும் பின்னாலேயே போனாள். நான் அதற்கப்புறம் அங்கே போகவில்லை.

மழைக்காலம் முடிந்து ஆசீர் மறுபடி போஸ்டில் நின்றான். அன்று இவர் பரணிலிருந்து சுத்தியலை எடுத்தார். 

"அடிக்கப் போகல" என்றார். "நான் கொண்டுபோகலன்னா அடைக்கலம் வேற சுத்தியல வச்சு அடிப்பான். இது அங்க என் கையில இருக்கறவரைக்கும் ஒருத்தனும் தொட மாட்டான்."

தோள் இன்னும் சரியாகவில்லை போல. ஆசீர் இரண்டு கோல் வாங்கினான். இரண்டு முறையும் கடையே எழுந்து இவரைப் பார்த்ததாம். இவர் எழுந்துபோய் மரத்தடியில் சுத்தியலோடு நின்றாராம், தண்டவாளத்துக்குக் காவல் மாதிரி. அடைக்கலம் கையை நீட்டியும் கொடுக்கவில்லையாம். துரோகி என்று நாலு பேர் காது படவே சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் சுத்தியலை வைத்தார். "அடிக்கல டோரதி" என்றார். பரீட்சையில் பாஸான பையன் முகம்.

அப்போது ஆசீர் போன் செய்தான். கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, அப்பாவுக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கார். ஏன்டா?"

"ரெண்டு கோல் வாங்கினேன். வீடியோ வரலியே. மேட்ச் பாக்கலியா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் மேஜைமேல் இருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"அது வந்தாத்தாம்மா அப்பா பாத்தாருன்னு எனக்குத் தெரியும்" என்றான். "வேற எப்படித் தெரியும்?"

மாவுக் கையோடு போனை எடுத்து இவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "பேசுங்க" என்றேன். "பாத்தேன்டான்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்." கையைப் போன்வரை கொண்டுவந்தார். அப்புறம் மேஜைமேல் வைத்துவிட்டார்.

"அடுத்த மேட்ச் எத்தன மணிக்குன்னு கேளு" என்றார்.

"நாலரைன்னு சொல்லும்மா."

அடுத்த ஞாயிறு ஆசீர் ஒரு கோல் வாங்கினான். இவர் எழுந்துபோய் அடித்த அடியில் வேப்பமரத்துக் காக்கைகளெல்லாம் பறந்தனவாம். அடைக்கலம் இவரைக் கட்டிக்கொண்டு, பழைய பிராங்க்ளின் திரும்பிட்டான்யா என்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஓசி டீ கொடுத்தார். பெத்த மகன் என்றுகூடப் பார்க்காத விசுவாசம் என்று குரூப்பில் எழுதினார்கள். ஆசீர் அந்த வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தான். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் முழங்காலில் நின்றால் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கோல் விழக் கூடாது என்று கேட்டால் அந்த வாரம் அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சில்லை. விழ வேண்டும் என்று எந்தத் தாய் கேட்பாள்? மாதாவிடம் இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் ஆசீர் ஒரு கோலும் விடவில்லை. ஸ்ரீரங்கத்தில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்களாம். இவர் சுத்தியலோடு வீட்டுக்கு வந்தார். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.