ஆறாவது சொட்டு

பூன் லேயில் ரயில் ஏறிவிட்டதாக யூசுப் பாய் செய்தி அனுப்பியபோது, என் கணவர் ஜன்னல் வெளிச்சத்தில் சோதனைக் குப்பியைத் தூக்கிப் பிடித்துச் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஃபேரர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு அங்கிருந்து ஒரு மணி நேரம்தான். எங்கள் உப்புநீர் மீன்தொட்டிக்குள் யூசுப் பாயின் உயிர்ப் பவளம் நுனியெல்லாம் வெளுத்து நின்றது. விரல் அளவிலிருந்து எட்டு வருஷம் வளர்த்தது. உம்ரா யாத்திரைக்குப் போகும்போது, "என் பிள்ளைய உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்" என்று கொடுத்தார். அன்றைக்கு அது ஊதா நிறம்.

"அஞ்சு... ஆறு. மஞ்சளாயிடுச்சுதானே?"

"ஆமாங்க" என்றேன், சமையலறையிலிருந்து, திரும்பாமல்.

இவர் பெயர் பிரபாகர். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட உப்புநீர்த் தொட்டி வாட்ஸ்அப் குழுவின் தலைவர். தேர்தல் எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. போன வருஷம் சமூக மன்றத்தில் உரையாற்றினார்: "கால்சியமும் கார்பனேட்டும் கணவன் மனைவியைப் போன்றவை. இரண்டும் அளவோடு இருந்தால்தான் பவளம் எலும்பு கட்டும். ஒன்று எகிறினால் இரண்டும் மோதிச் சுண்ணாம்பாகக் கொட்டிவிடும்." பலத்த கைதட்டல். எகிறுவது யார் என்று அவர் சொல்லவில்லை. முதல் வரிசையில் இருந்த நானும் கேட்கவில்லை.

கார்பனேட்டை அளப்பதில் வித்தை ஒன்றும் இல்லை. குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் மஞ்சளாக எத்தனை சொட்டோ அதுதான் அளவு. எட்டு வந்தால் நிம்மதி. இரண்டு வாரமாக இவருக்கு ஆறுதான் வந்தது. "கம்மி லா" என்று தினமும் கார்பனேட் பொடி கரைத்து ஊற்றினார். பவளம் தினமும் வெளுத்தது. அதற்காக இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

ஆறு மாதத்துக்கு முன்பே கண் மருத்துவர் சொன்னார்: இரண்டு கண்ணிலும் புரை, நிறமெல்லாம் மஞ்சளடித்துத்தான் தெரியும். "அந்த டாக்டர் பையனுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று என்னிடம் கேட்டபடி இவர் எழுந்து வந்துவிட்டார்.

இவர் பொடி கரைக்கப் போனதும், மேசையைத் துடைக்க வந்தேன். குப்பி அங்கேயே இருந்தது. தண்ணீர் நல்ல நீலம்.

மருந்தை எடுத்து, இவர் நிறுத்திய இடத்திலிருந்து சொட்டு விட்டு எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. மாறவில்லை. பதிமூன்றாவது சொட்டில்தான் மஞ்சள் வந்தது. பதினாலு நாள். பதினாலு ஆமாங்க.

இவர் கரைசலோடு வந்து தொட்டி விளிம்பில் குடுவையைச் சாய்த்தார்.

"ஊத்தாதீங்க. பதிமூணு இருக்கு."

"எது?"

"கார்பனேட். நீங்க நிறுத்தினப்ப நீலமாத்தான் இருந்துச்சு."

"நீதானே மஞ்சள்னு சொன்ன?"

"பாக்காம சொன்னேன்."

குடுவை சாய்ந்தபடியே நின்றது. விளிம்பில் கொஞ்சம் வழிந்தது.

"முப்பது வருஷமா பாக்காமத்தான் சொல்றியா?"

அதற்கும் ஆமாங்க என்று சொல்லியிருக்கலாம். அழைப்பு மணி அடித்தது.

யூசுப் பாய் மொட்டைத் தலையோடு, கையில் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். "தங்கச்சி, நல்லாருக்கீங்களா?" என்று என்னிடம் நீட்டியவர் கை, தொட்டியைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"பிரபா, என்ன இது?"

"பாய், இது வந்து..." இவர் சமூக மன்றக் குரலை எடுத்தார். "பல காரணிகள் ஒன்றுசேர்ந்து ஏற்படும்..."

"கார்பனேட் எவ்ளோ?"

இவர் குடுவையைக் கீழே வைத்தார். யூசுப் பாய் குப்பியைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, மருந்தோடு இவர் கையில் கொடுத்தார். "எண்ணுங்க. நான் பாக்கறேன்."

ஜன்னலருகே மூவரும் நின்றோம்.

"நாலு. அஞ்சு. ஆறு."

இவர் கை நின்றது. வழக்கமான கேள்வி வரவில்லை. குப்பியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். நான் மெல்லத் தலையை அசைத்தேன், இல்லை என்று.

"ஏழு."

மறுபடி என் முகம். மறுபடி இல்லை.

"எட்டு... ஒம்பது... பத்து..." ஒவ்வொரு சொட்டுக்கும் இவர் என்னைப் பார்த்தார். பன்னிரண்டில் யூசுப் பாய் குப்பியிலிருந்து கண்ணை எடுத்து, இவரைப் பார்த்தார், பிறகு என்னை. மருந்துக் குழாயின் நுனியில் அடுத்த சொட்டு பருத்து, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.